பேருந்துத் தடமும் பிறர் உரிமையும்

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன்.

கண்ணியமிக்க ஜும்ஆப் பெருமக்களே!

அல்லாஹ்வுக்கு அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்கள் அனைவருக்கும் வஸிய்யத் செய்கிறேன். தனிமையிலும் கூட்டத்திலும், வீட்டிலும் வீதியிலும் அவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவோடு வாழும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக.

இன்றைய தலைப்பைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சாலையின் இடது ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களே, அந்தப் பேருந்துத் தடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மிம்பரில் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சில வாரங்களாகவே சகோதரர்கள் சிலர் இதே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஹஸ்ரத், ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது, ஒரு ஐந்து நிமிஷம் பஸ் தடத்தில் போனால் பாவமா?" என்கிறார் ஒருவர். "அபராதத்தைக் கட்டிவிட்டால் கணக்கு தீர்ந்ததுதானே?" என்கிறார் இன்னொருவர். கேட்டது சாலையைப் பற்றியானாலும், அடியில் இருப்பது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அதனால்தான் மிம்பருக்குக் கொண்டு வந்தேன்.

முதலில் சட்டம் என்னவென்று தெரிந்துகொள்வோம். நம்மில் பாதிப் பேருக்கு அது சரியாகத் தெரியவில்லை. தெரியாததால் சிலர் மீறுகிறார்கள், சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

சிங்கப்பூரில் பேருந்துத் தடங்கள் 1974ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இப்போது இரண்டு வகை. மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் அது சாதாரணத் தடம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் 9.30 வரையிலும், மாலை 5 முதல் இரவு 8 வரையிலும் அது பேருந்துக்கு உரியது. மஞ்சள் கோட்டோடு சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் அது முழுநாள் தடம். திங்கள் முதல் சனி வரை, காலை 7.30 முதல் இரவு 11 வரை. ஆர்ச்சர்ட் சாலையில் நீங்கள் பார்ப்பது இந்த வகை. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறை நாளிலும் இரண்டுமே நடப்பில் இல்லை. அதாவது, பெருநாள் காலையில் தக்பீர் சொல்லிக்கொண்டு அந்தத் தடத்தில் நீங்கள் தாராளமாகக் காரை ஓட்டி வரலாம்!

சனிக்கிழமையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். வார இறுதிதானே என்று சிவப்புக் கோட்டுக்குள் புகுந்துவிடுவார்கள். அதேபோல வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்கு வரும் நேரத்தில் மஞ்சள் கோட்டுத் தடம் திறந்திருக்கும், சிவப்புக் கோட்டுத் தடம் திறந்திருக்காது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள். நேரங்கள் எப்போதாவது மாற்றப்பட்டால், சாலையோரப் பலகையில் எழுதியிருப்பதுதான் கணக்கு. "போன வருஷம் இமாம் வேறு மாதிரி சொன்னாரே" என்று யாரிடமும் வாதாடாதீர்கள்.

அந்த நேரத்தில் யார் போகலாம்? பேருந்துகள் போகலாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை வாகனங்கள் போகலாம். மிதிவண்டி போகலாம், ஆனால் ஒருவர் பின் ஒருவராக, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகக் கூடாது. கார் போகக் கூடாது. மோட்டார்சைக்கிளும் கூடாது. "பைக் சின்னதுதானே ஹஸ்ரத்" என்று உணவு விநியோகம் செய்யும் ஒரு தம்பி கேட்டார். சின்னதுதான், ஆனால் தடம் அதற்கு உரியதல்ல. இடப்பக்கம் திரும்ப வேண்டியவர்களுக்காகக் கோடு ஓரிடத்தில் விட்டு விட்டு வரும். அங்கே உள்ளே வந்து திரும்பிக்கொள்ளலாம். அதற்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே நுழைந்துகொண்டு "நான் திரும்பத்தான் போகிறேன்" என்று சொல்வது, யாரை ஏமாற்ற?

அன்புச் சகோதரர்களே!

இதில் மார்க்கம் எங்கே வருகிறது? இஸ்லாமிய வரலாற்றில் 'ஹிமா' என்று ஒன்று உண்டு. பொது நிலத்தில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி வைப்பதற்கு அந்தப் பெயர். அறியாமைக் காலத்தில் பலம் படைத்த குலத்தலைவன் நல்ல மேய்ச்சல் நிலமாகப் பார்த்துத் தன் ஒட்டகங்களுக்கென்று பிடித்துக்கொள்வான், மற்றவர்கள் அங்கே கால் வைக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். ஒதுக்குவதென்றால் அது அல்லாஹ்வுக்காகவும் அவனுடைய தூதருக்காகவும் மட்டுமே, தனிமனிதருக்கு அந்த உரிமை இல்லை என்று அறிவித்தார்கள். பொது நன்மைக்காக மட்டுமே ஒதுக்கலாம் என்பதுதான் இதன் பொருள் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். நகீஃ என்ற இடம் அப்படித்தான் முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது.

பிறகு உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். ரபதா போன்ற இடங்களில் மேய்ச்சல் நிலத்தை ஒதுக்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஹுனைய் என்ற தம் பணியாளரை நியமிக்கிறார்கள். அப்போது அவருக்கு உமர் (ரலி) சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சிக்கொள் என்று முதலில் எச்சரிக்கிறார்கள். அதன்பிறகு, கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவரை உள்ளே விடு என்கிறார்கள். இப்னு அவ்ஃபின் கால்நடைகளையும் இப்னு அஃப்பானின் கால்நடைகளையும் விடாதே என்கிறார்கள். யார் இந்த இருவர்? சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் உஸ்மான் இப்னு அஃப்பானும் (ரலியல்லாஹு அன்ஹுமா). அவர்கள் மீது உமருக்குக் கோபம் ஏதும் இல்லை. காரணத்தையும் அவர்களே சொல்கிறார்கள்: இந்த இருவரின் கால்நடைகள் அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் இருக்கிறது, பிழைத்துக்கொள்வார்கள். சிறிய மந்தைக்காரரின் கால்நடைகள் அழிந்தால் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார், நான் அவரைக் கைவிட்டுவிட முடியுமா?

பாருங்கள். ஒதுக்கிய இடம் பொது இடம். அதில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது அமீருல் முஃமினீன் பார்த்த அளவுகோல் ஒன்றே ஒன்று: மாற்று வழி யாருக்கு இல்லை? கஷ்டம் வந்தால் யார் முதலில் விழுவார்?

இப்போது காலை எட்டு மணிக்கு நம் சாலையில் போகும் ஒரு பேருந்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள்? அலுவலகத்தைச் சுத்தம் செய்யப் போகும் அக்கா, இரவு வேலை முடித்துத் திரும்பும் தாதி, பரீட்சைக்குப் போகும் பிள்ளை, பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு போகும் பெரியவர். ஈரடுக்குப் பேருந்து ஒன்று ஏறக்குறைய மூன்று கார்களின் நீளம்தான், அதில் நூறு பேருக்கு மேல் போகிறார்கள். அந்த மூன்று கார்களை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் மூன்று பேர், நான்கு பேர். அவர்களில் ஒருவர் தடத்துக்குள் புகுந்து பேருந்தை ஒரு பச்சை விளக்கு தவறவிடச் செய்தால், அவர் மிச்சப்படுத்தியது தம்முடைய இரண்டு நிமிடம். எடுத்தது நூறு பேருடைய இரண்டிரண்டு நிமிடம்.

"வாகன உரிமைச் சான்றிதழுக்கு இவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன், சாலை வரியும் கட்டுகிறேன், எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. பணம் அதிகம்தான், அந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனால் இதே வாதத்தை உமர் (ரலி) அவர்களிடமும் மக்கள் வைத்தார்கள். இது எங்கள் ஊர், இதற்காக நாங்கள் போரிட்டோம், இந்த மண்ணில் இருந்துகொண்டுதான் இஸ்லாத்தை ஏற்றோம், எங்களுக்கு அநீதி இழைக்கிறீர்கள் என்று அவர்கள் எண்ணக்கூடும் என்பதையும் அதே அறிவிப்பில் உமர் (ரலி) ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டும் ஹிமாவை எடுத்துவிடவில்லை. நாம் கட்டிய பணம் காரை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கான அனுமதிக்கு. அந்த அனுமதியோடு விதிகளும் சேர்ந்தே வந்தன. ஓட்டுநர் உரிமம் வாங்கியபோதே அவற்றுக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் வாங்கினோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்லாஹ் சூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்திலேயே நம்மைப் பணிக்கிறான். அதிகாரம் உடையோருக்குக் கீழ்ப்படிவது பற்றிய வசனம் எந்த ஆட்சியாளரைக் குறிக்கும் என்று சிலர் விவாதத்தைத் தொடங்குவார்கள். அந்த விவாதத்துக்கே இங்கே தேவையில்லை, கொடுத்த வாக்கு ஒன்றே போதும்.

சகோதரர்களே, ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று கேட்டவருக்கு இப்போது வருகிறேன்.

ஒரு ஜும்ஆ நாளில் நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்துகளைத் தாண்டித் தாண்டி முன்னே வருகிறார். நபியவர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள், மக்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டீர் என்று கண்டித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் நஸாயீயிலும் இருக்கிறது. அந்த மனிதர் போனது எங்கே? முதல் ஸஃப்புக்கு. நாடியது என்ன? நன்மை. அப்படியிருந்தும் மற்றவர்களைத் தாண்டி வந்த முறைக்காகக் கண்டிக்கப்பட்டார். வரிசையில் காத்திருக்கும் நாற்பது கார்களையும், பின்னால் வரும் பேருந்தையும் தாண்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருகிறவர், பள்ளிக்கு வெளியிலேயே கழுத்துகளைத் தாண்டத் தொடங்கிவிட்டார்.

இகாமத் கேட்டாலும் தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியோடு நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலால் ஓடுவதற்கே இந்த ஒழுங்கு என்றால், ஒன்றரை டன் எடையுள்ள இரும்பை ஓட்டி வருகிறவருக்கு எவ்வளவு அமைதி வேண்டும்! ஜும்ஆவுக்குச் சீக்கிரம் வருவதன் சிறப்பைப் பற்றி எத்தனையோ ஹதீஸ்கள் இருக்கின்றன. வேலை இடத்திலிருந்து பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். முடியவே முடியாத வேலை என்றால் எம்ஆர்டி இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது. அந்தத் தடத்தில் ஹலாலாக வரும் வழி, பேருந்தில் ஏறிக்கொள்வதுதான்.

இப்படி அந்தத் தடத்தில் வந்தவரின் தொழுகை கூடுமா என்றும் ஒருவர் கேட்டார். தொழுகை கூடிவிடும். அபகரிக்கப்பட்ட நிலத்தில் தொழுதால்கூட, நம் ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகை நிறைவேறிவிடும், அபகரித்த பாவம் தனியாக நிற்கும். இதுவும் அப்படித்தான். தொழுகையின் நன்மை ஒரு பக்கத்திலும் வழியில் செய்த காரியம் இன்னொரு பக்கத்திலும் எழுதப்படும்.

ரமலானில் இந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது. நம் நாட்டில் மக்ரிப் ஏறக்குறைய மாலை ஏழு மணிக்கு வருகிறது. தடம் பேருந்துக்கு உரிய நேரம் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை. அலுவலகம் விட்டு வீட்டுக்குப் போகிற நோன்பாளி, வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் தடத்தைப் பார்க்கிறார். வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தாமல் இருப்பது சுன்னத்தாயிற்றே என்று மனம் ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. சுன்னத்தான், மறுக்கவில்லை. அதற்கு மூன்று பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் காரில் இருந்தால் போதும். உங்களைத் தாண்டிப் போகிற பேருந்தின் ஓட்டுநரும் நோன்பாளியாக இருக்கலாம். பாங்கு நேரம் வந்ததும், அடுத்த நிறுத்தத்தில் பயணிகள் ஏறி இறங்கும் இடைவெளியில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் வண்டியை எடுப்பார். அவர் உங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போகப் போவதில்லை.

இனி, அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற பேச்சு. அபராதம் அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது. பேருந்தில் தாமதமானவருக்கு அதில் ஒரு காசும் போகவில்லையே. அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையில் உள்ள குறையை அவனிடம் அழுது கேட்டால் மன்னிக்கிறான், அவன் மிக்க மன்னிப்பவன். அடியார்களின் உரிமையில் கை வைத்தால், உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது அவர் மன்னிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம். பேருந்தின் மேல்தட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்த அந்தப் பெண்ணை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? அன்று தாமதமாகப் போனதற்கு அவர் முதலாளியிடம் என்ன ஏச்சு வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியுமா? தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு மறுமைக்கு வந்து, இவரைத் திட்டியதற்கும் அவர் பொருளைத் தின்றதற்கும் நன்மைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரைத்தான் நபி (ஸல்) அவர்கள் உண்மையான ஓட்டாண்டி என்றார்கள். முஸ்லிமில் வருகிறது. பெயர் தெரியாத, முகம் தெரியாத கடன்காரர்கள் நூறு பேர் அன்று நம் முன்னால் நிற்க வேண்டுமா?

உயிர் போகிற அவசரம் என்றால்? மனைவிக்குப் பிரசவ வலி, தந்தைக்கு நெஞ்சுவலி. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் பெரிய நோக்கங்களில் ஒன்று, நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் விதி. அந்த விதியின் மறுபாதியும் உண்டு, நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும்தான். நெஞ்சுவலி என்றால் 995ஐ அழைப்பதுதான் அறிவுடைமை, வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். வேறு வழியே இல்லாமல் நீங்களே ஓட்டிக்கொண்டு போனால் அல்லாஹ் உங்கள் நிலையை அறிவான். அபராதக் கடிதம் வந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அவசரம் ஏதும் இல்லாமலே தப்பிப்பதற்காக ஆஸ்பத்திரிக் கதை கட்டுவது இரண்டாவது பாவம்.

அகூலு கவ்லீ ஹாதா, வஅஸ்தக்ஃபிருல்லாஹல் அளீம லீ வலகும்.

(இரண்டாம் குத்பா)

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.

பெருமக்களே, இன்னும் இரண்டு விஷயங்கள் மட்டும்.

தடம் திறந்திருக்கும் நேரத்தில் அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். காலை பதினொரு மணிக்கு மஞ்சள் கோட்டுத் தடம் காலியாகக் கிடக்க, எல்லாரும் வலப்பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். இது பேணுதல் அல்ல, பலகையைப் படிக்காததுதான். ஹஜ்ஜத்துல் வதாவில் அரஃபாவிலிருந்து நபி (ஸல்) அவர்கள் புறப்பட்டபோது ஒட்டகத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி, அமைதி அமைதி என்று மக்களுக்குக் கையால் சைகை செய்துகொண்டே வந்தார்கள். அவசரமாக ஓட்டுவதில் புண்ணியம் இல்லை என்றார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோது உஸாமா இப்னு ஸைத் (ரலி) இன்னொன்றையும் சொல்கிறார்கள்: நபியவர்கள் மிதமாகவே சென்றார்கள், இடைவெளி கிடைத்த இடத்தில் சற்று விரைவாகச் சென்றார்கள். நெரிசலில் நிதானம், வழி கிடைத்தால் வேகம், இரண்டும் சுன்னத்தில் இருக்கின்றன. உங்களுக்குரிய இடைவெளி எது என்று தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது, தடம் முடிகிற இடத்தில் நம் கடமை முடிவதில்லை. சில பேருந்து நிறுத்தங்களில், வளைவுக்குள் நின்ற பேருந்து வெளியே வரும் இடத்தில் வழிவிடும் அடையாளம் சாலையில் வரையப்பட்டிருக்கும். 2008லிருந்து நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது. அங்கே பேருந்து வெளியே வர விளக்குப் போட்டால் நாம் நின்று வழிவிட வேண்டும். பலர் அப்போதுதான் வேகத்தைக் கூட்டுகிறார்கள், பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்! பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று படித்திருக்கிறோம். நம் காரே அந்தத் தொல்லையாக இருந்தால் பிரேக்கை மிதிப்பதுதான் அகற்றுவது. பாதையின் உரிமைகளைப் பற்றி ஸஹாபாக்கள் கேட்டபோது, தொல்லை தராமல் இருப்பதையும் ஸலாமுக்குப் பதில் சொல்வதையும் நபியவர்கள் சேர்த்தே சொன்னார்கள். வழிவிட்டதற்கு ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி சொல்வார், நீங்களும் பதிலுக்குக் கையை உயர்த்துங்கள்.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணக்கூடியவர்களாக எங்களை ஆக்குவாயாக. எங்கள் அவசரத்தால் யாருக்கேனும் நாங்கள் தெரியாமல் தந்த தொல்லையை மன்னித்து, அவர்களுக்கு உன் பொக்கிஷத்திலிருந்து ஈடு செய்வாயாக. அதிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பி எங்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு உடல்நலத்தையும், ரிஸ்கில் பரக்கத்தையும், பத்திரமாக வீடு திரும்பும் பாக்கியத்தையும் தருவாயாக. சாலை விபத்துகளில் உயிரிழந்த எங்கள் சகோதர சகோதரிகளின் மண்ணறைகளை விசாலமாக்குவாயாக. நோயுற்றோருக்கு ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

அகீமுஸ் ஸலாஹ்.